ஒற்றைக் கோட்டை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்

நெஞ்சு வலிக்கு ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற புரதம்) பார்த்தோம், நார்மல், அனுப்பிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான்: வலி வந்து எத்தனை மணி நேரத்தில் ரத்தம் எடுத்தார்கள்?

அந்தியூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மஞ்சளுக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு விடியற்காலையில் வலி. இடது தோள் வரைக்கும் இழுக்கிறது என்றார். பக்கத்து ஊரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். இசிஜியில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. அடுத்து கார்டு டெஸ்ட். கர்ப்பம் பார்க்கும் அட்டை மாதிரியேதான் இருந்தது. சி பக்கம் கோடு விழுந்தால் அட்டை வேலை செய்கிறது, டி பக்கமும் விழுந்தால் இதயத் தசை அடிபட்டிருக்கிறது. சி மட்டும் விழுந்தது. "கேஸ்தாங்க, ஒண்ணும் பயமில்லீங்க" என்று வயிற்று மாத்திரை எழுதிக் கொடுத்தார் டியூட்டி டாக்டர். வலி தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

மாத்திரை வாங்கும் இடத்தில் நர்ஸம்மா ஒருவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்ணா, அய்யனுக்கு வலி எத்தன மணிக்குங்க வந்துது?" சொன்னேன். "அப்பன்னா இன்னும் மூணு மணி நேரம் கழிச்சு இன்னொருக்கா எடுத்துப் பாத்துருங்க. இப்ப எடுத்ததுல தெரியாதுங்க." அவர் பெயர்கூடக் கேட்கவில்லை. அந்தக் குடும்பம் நல்லா இருக்கட்டும்.

விஷயம் இதுதான். தசை அடிபட்ட உடனே ட்ரோபோனின் ரத்தத்தில் கொட்டிவிடாது. பழைய வகைப் பரிசோதனையிலும் கார்டிலும் தெரிவதற்கு மூன்று, நான்கு மணி நேரமாவது பிடிக்கும். மிகக் குறைந்த அளவையும் பிடிக்கிற ஹை சென்சிடிவிட்டி வகை அதைவிட முன்னாலேயே காட்டும். ஆனால் அதிலும் பெரும்பாலும் இரண்டு முறை எடுத்து, ஏறுகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

வலி விடவே இல்லை. டவுனில் போர்டு வைத்த ஒரு லேபுக்குப் போனால், "சாம்பிள் கோயமுத்தூர் போயிட்டு வரணுங்க, ரிப்போர்ட் சாயங்காலம்" என்கிறார்கள். இதயக் கோளாறுக்குச் சாயங்கால ரிப்போர்ட்டை வைத்து என்ன செய்வது? மிஷின் அங்கேயே இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொண்டு போங்கள். அதைவிட, லேபுக்கே போகாமல் 108-ஐக் கூப்பிட்டு இதய மருத்துவர் இருக்கிற இடத்துக்குப் போய்விடுங்கள். நாங்களும் அப்புறம் அப்படித்தான் ஈரோடு போய்ச் சேர்ந்தோம்.

அங்கே ட்ரோபோனின் டி என்கிற வகையைப் பார்த்தார்கள், 62. ரிப்போர்ட்டில் வரம்பு 14 என்று போட்டிருந்தது. கிட்னிக் கோளாறு உண்டா என்று முதலில் கேட்டார்கள். அது இருந்தால் இந்த அளவு எப்போதுமே சற்றுக் கூடுதலாக நிற்குமாம். இல்லை என்றோம். அடுத்த சாம்பிள் 190-ஐத் தாண்டியது. ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட், வார்டு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது.

இதற்கு நடுவில் மச்சான் ஒரு கலவரம் செய்தார். போன வருஷம் அவருக்கு வேறு லேபில் 0.02 வந்ததாம். "62-ன்னா மூவாயிரம் மடங்குங்களே மாமா!" என்று போனில் கத்த, பின்னால் அக்கா அழுகிற சத்தம். அவருடையது ஒரு மில்லிக்கு இத்தனை நானோகிராம், எங்களுடையது ஒரு லிட்டருக்கு. லிட்டர் கணக்கில் அவருடைய 0.02 என்பது 20. அதுவும் அவருக்கு எடுத்தது ட்ரோபோனின் ஐ என்கிற இன்னொரு வகை. எண்ணை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள், வரம்பும் அலகும் தெரிகிற மாதிரி முழுத் தாளையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

அடுத்த தலைவலி இன்சூரன்ஸ். முதலில் பார்த்த இடத்தின் ரிப்போர்ட் வேண்டும் என்றார்கள். எங்கள் கையில் இருந்ததோ மாத்திரைச் சீட்டு மட்டும், அதில் நேரம்கூட இல்லை. போய்க் கேட்டால் கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்காமல், "ஓபி கேசுக்கெல்லாம் ரிப்போர்ட் தர்றதில்லீங்க" என்றார். எழுதிக் கொடுத்துக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதியிலேயே இருக்கிறது. விதியைக் குறிப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, நகலில் சீல் கேட்டேன். சீல் வைக்கவில்லை. உள்ளே போய் வந்து இசிஜியையும் கார்டு ரிசல்ட்டையும் கொடுத்துவிட்டார்! இசிஜி தாள் நாளாக ஆக வெளுத்துப்போகும், வாங்கிய கையோடு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த வாரத்தில் பார்க்க வந்தவர்கள், "எதுக்கும் இன்னொருக்கா ட்ரோபோனின் பாத்துரலாமே" என்றார்கள். டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். ஒரு தடவை ஏறினால் இறங்குவதற்கு ஒன்றிரண்டு வாரம்கூட ஆகும், பழைய அடியைப் பார்த்துப் புதிதாகப் பயந்து சாக வேண்டியதுதான்.

கேஷ்லெஸ் கடைசியில் பாஸானது. கையுறைக்கும் பஞ்சுக்கும் மட்டும் எங்கள் கையிலிருந்து கட்டச் சொன்னார்கள்.