சேப்பலில் மூன்றாவது பெஞ்ச்

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்தின் வளைகுடா கிளையிலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது. ஸ்போர்ட்ஸ் டே, ஆண்டு விழா, கிரிக்கெட் எல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நம் பள்ளி என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பள்ளியின் ஜெப ஆலயமான சேப்பலில் இடது பக்கம், ஜன்னலோரம், மூன்றாவது பெஞ்ச். அதில்தான் நான் மத்தியானம் தூங்குவேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்பதாம் வகுப்பு முழுக்க.

நான் கோலார் தங்கவயல் பையன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். 2001 பிப்ரவரி 28 அன்று மைன்ஸை மூடினார்கள். 1880-இல் வெள்ளைக்காரக் கம்பெனி தொடங்கி, பிறகு அரசாங்கம் எடுத்து நடத்திய சுரங்கம். எங்கள் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து அதில் இறங்கினார், அப்பாவும் அதிலேயே இறங்கினார். அங்கே சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகிற ஆழம், அங்கே பாறையைத் தொட்டால் கை சுடும் என்பார் அப்பா. கீழே அழுத்தத்தில் பாறை வெடித்து ஏர் பிளாஸ்ட் ஆனால் மேலே எங்கள் லைன் வீட்டு அலமாரியில் டம்ளர் ஆடும், அம்மா அப்படியே கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணுவார். அப்படிப் பயந்து பயந்து வாழ்ந்த இடம்தான், ஆனாலும் அது நின்றுபோனபோது வீட்டில் யாருக்கும் தூக்கம் வரவில்லை. ஷிப்டுக்கு ஊதுகிற சங்கு ஊதவில்லை, ஆனால் அப்பா அதே நேரத்துக்கு எழுந்து, முகம் கழுவி, வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுவார். எதிரே, தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேடு. விடியும் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்புறம் அவருக்குப் பெங்களூரில் ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது, எனக்கு நம் பள்ளியில் பாதி ஃபீஸில் இடம் கிடைத்தது. பெங்களூரில் வீடு எடுக்க அட்வான்ஸுக்குப் பணம் ஏது? தினமும் ரயில்தான். நாலரைக்கு அம்மா எழுப்புவார். இருட்டிலேயே சாம்பியன் ஸ்டேஷனில் ஏறுவோம், பங்காரப்பேட்டை, டேகல், மாலூர், ஒயிட்ஃபீல்டு என்று இரண்டு மணி நேரத்துக்கும் மேல் போகும், பாதி நாள் கதவோரம் நின்றுகொண்டுதான். பெட்டி முழுக்க மைன்ஸ்காரர்களும் அவர்கள் பிள்ளைகளும். நேற்று வரை பூமிக்கடியில் டிரில் பிடித்தவர்கள் இன்றைக்குக் கூர்க்கா சட்டையோ ஆபீஸ் பாய் சட்டையோ மாட்டிக்கொண்டு, பேப்பரை விரித்துத் தரையிலேயே படுத்திருப்பார்கள். கன்டோன்மென்டில் இறங்கி நான் இந்தப் பக்கம், அப்பா அந்தப் பக்கம். ராத்திரி வீடு சேர ஒன்பது ஆகும்.

இப்படிப் போய்வந்தால் பையன் கிளாஸில் தூங்காமல் என்ன செய்வான்? தூங்கினேன். கணக்குப் பீரியடில் தூங்கி வெளியே நின்றேன், கன்னடப் பீரியடில் தூங்கி முட்டி போட்டேன். வேதபாட டீச்சர் (அவர்தான் நமக்குத் தமிழும் எடுத்தார், பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்) ஒரு நாள் என் டெஸ்க் பக்கத்தில் வந்து நின்றார். அடி விழப்போகிறது என்று எழுந்தேன்.

"எத்தனை மணிக்குடா எழுந்திரிக்கிற?"

"நாலரைக்கு டீச்சர்."

"காலையில சாப்பிட்டியா?"

நான் பேசவில்லை. மத்தியான மணி அடித்ததும் சேப்பலுக்குக் கூட்டிப்போனார். அந்த மூன்றாவது பெஞ்சில் உட்காரவைத்து, தன் டிபன் கேரியரின் மூடியில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும், "இங்கயே படு, மணி அடிக்கிறப்போ நான் எழுப்பறேன்" என்றார். டீச்சர் இது கோயிலாச்சே என்றேன். "பைபிள்ல சின்னப் பையன் சாமுவேல் எங்கடா படுத்திருந்தான்? ஆண்டவரோட பெட்டி இருந்த ஆலயத்துலதான? படு."

படுத்தேன். மேலே ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'கிரீச்' என்றது, பெஞ்சில் பழைய வார்னிஷ் வாசனை. ஜன்னல் கண்ணாடியின் பச்சை வெளிச்சம் என் சட்டைக் கைமேல் விழுந்திருந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான் தெரியும். அப்படி ஒரு தூக்கம் மைன்ஸ் மூடிய நாளிலிருந்து நான் தூங்கியதே இல்லை.

அந்த வாரமே அவர் வகுப்பில் பைபிளில் வரும் எலியா தீர்க்கதரிசியின் கதையை எடுத்தார். எனக்காகத்தான் எடுத்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ராணி கொல்லப்போகிறாள் என்று பயந்து ஓடி, சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போகிறான். தூதன் வந்து தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கிறது. அடை என்றதும் வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, "சாப்பிட்டுட்டு என்ன பண்ணான்? மறுபடியும் படுத்துக்கிட்டான். தூதன் ரெண்டாவது தடவையும் வந்து சாப்பாடுதான் குடுத்தான். ஏன் ஓடினேன்னு கேள்வியெல்லாம் அப்புறம், மலையில. கடவுளுக்கு முறை தெரியும்" என்றார்.

இன்னொன்றும் அவரிடம் கற்றது. "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்" என்று சர்ச் சுவரெல்லாம் எழுதியிருக்குமே, அந்த வருத்தம் துக்கம் இல்லை, வள்ளுவர் 'மெய்வருத்தக் கூலி தரும்' என்கிறாரே அந்த வருத்தம், உடம்பு நோக உழைக்கிறது என்று விளக்கினார். அன்றைக்கு ராத்திரி ரயிலில் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அப்போது வாரம் ஏழு நாளும் டூட்டி, ஞாயிறு ஆராதனைக்குப் போய் மாதக்கணக்காகி இருந்தது, அந்தக் குற்ற உணர்ச்சி வேறு அவரைத் தின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அது எங்கள மாதிரி ஆளுங்களுக்குச் சொன்னதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பங்காரப்பேட்டை வரும்வரை என் தோளில் சாய்ந்து தூங்கினார். மைன்ஸில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த மனிதர், அதுவரை என்மேல் சாய்ந்ததே இல்லை.

படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, வீட்டை லிங்கராஜபுரத்துக்கு மாற்றினோம், 2014-இல் அப்பா இறந்துபோனார், நான் துபாய் போனேன். அங்கே நானே எனக்கு ஓய்வு கொடுக்கவில்லை. அப்போது அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமையும் லேப்டாப்தான். 2020-இல் கொரோனா வந்தது, கம்பெனி ஒரே மெயிலில் எங்கள் டீமையே அனுப்பிவிட்டது. வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களைக் கூட்டிவர அரசாங்கம் விட்ட வந்தே பாரத் விமானத்தில் பெங்களூர் வந்து இறங்கி, ஒரு ஹோட்டலில் தனியாக அடைத்தார்கள். மனைவியும் குழந்தையும் மாமனார் வீட்டில். வீட்டு லோன், கிரெடிட் கார்டு, குழந்தையின் ஸ்கூல் என்று ராத்திரி முழுக்க கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள் விடியற்காலை நாலரைக்கு, அலாரம் இல்லாமலே எழுந்து கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிர்க் கட்டடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு. அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்த அதே மாதிரி.

அதை உணர்ந்ததும் அழுதுவிட்டேன். ஜெபம் பண்ணலாம் என்று பார்த்தால் வார்த்தை வரவில்லை. எலியா சொன்னதுதான் வந்தது, போதும் கர்த்தாவே. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே முந்தின ராத்திரி வைத்துவிட்டுப் போன சாப்பாடு பொட்டலம் அப்படியே இருந்தது. ஆறிப்போன சப்பாத்தி. எடுத்துச் சாப்பிட்டேன், தண்ணீர் குடித்தேன், படுத்தேன், மத்தியானம் ஒரு மணிக்குத்தான் எழுந்தேன். எழுந்தபோதும் வேலை இல்லைதான், கடன் அப்படியேதான் இருந்தது. ஆனால் நான் விழித்திருந்து காவல் காத்தால்தான் என் குடும்பம் பிழைக்கும் என்ற எண்ணம் போயிருந்தது. அது என் வேலை இல்லை, அதற்கு வேறொருவர் இருக்கிறார். அடுத்த வேலை கிடைக்க ஏழு மாதம் ஆனது, இடையில் பயந்த ராத்திரிகளும் உண்டு. அப்போதெல்லாம் இதையே செய்தேன்.

பைபிளின் உபாகமத்தில் ஓய்வுநாள் கட்டளையை இப்போது அடிக்கடி வாசிக்கிறேன். வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்திலே அடிமையாய் இருந்தாய் என்று இருக்கிறது. மாட்டையும் கழுதையையும்கூட விடவில்லை. எங்கள் அபார்ட்மென்ட் செக்யூரிட்டிக்கு வாரம் ஒரு நாள் லீவு வேண்டும் என்று அசோசியேஷன் மீட்டிங்கில் நான் சண்டை போட்டதற்குக் காரணம் அதுதான்.

போன மாதம் டீச்சரைப் பார்க்கப் போனேன், காக்ஸ் டவுனில் மகள் வீட்டில் இருக்கிறார். என்னைச் சட்டென்று ஞாபகம் இல்லை. சேப்பலில் தூங்கின பையன் டீச்சர் என்றேன். "அப்படி நிறைய பேருடா" என்றார். எனக்கு அது தெரியாது, நான் ஒருவன்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். துபாய், கொரோனா எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன், கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, உள்ளே பார்த்து இரண்டு தோசை போடச் சொன்னார்.

ஊருக்கு வருகிறவர்கள் அவரைப் போய்ப் பாருங்கள், விலாசம் என்னிடம் கேட்டால் தருகிறேன். மத்தியானம் தூங்குவார், நாலு மணிக்கு மேல் போங்கள்.