மீன் எண்ணெய் மாத்திரையும் குடல் அழற்சியும்

குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோய் உள்ளவர்கள் மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடலாமா என்று நண்பர்கள் அவ்வப்போது என்னிடம் கேட்பதுண்டு. அது நோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கை ஆதாரமில்லாமல் பிறந்ததன்று. 1996இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், நோய் தணிந்திருந்தாலும் மீண்டும் தலையெடுக்கும் அபாயம் மிகுந்த 78 பேர் பங்கேற்றனர். இரைப்பை அமிலத்தில் கரையாத பூச்சுடைய மாத்திரைகளில் நாளொன்றுக்கு 2.7 கிராம் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் பெற்றவர்களில் 59 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குப் பின்னும் நோய் திரும்பவில்லை. மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களிடம் இது 26 சதவீதமே.

அதற்கான விளக்கமும் கச்சிதமாகவே இருந்தது. ஒமேகா-6 வகையைச் சேர்ந்த அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து, அழற்சியைத் தூண்டும் லூக்கோட்ரையீன் என்னும் பொருள்களை உடல் உண்டாக்குகிறது. மீன் எண்ணெயின் ஒமேகா-3 அதே நொதிகளுக்காகப் போட்டியிட்டு, வீரியம் குறைந்த பொருள்களை உண்டாக்குகிறது. ஆனால் 2008இல் வெளியான இரு பெரிய ஆய்வுகள், மொத்தம் எழுநூறுக்கும் மேற்பட்டோரில் ஒரு பிரிவினருக்கு நாளுக்கு 4 கிராம் ஒமேகா-3, மற்றவர்களுக்குப் போலி மாத்திரை எனக் கொடுத்துப் பார்த்தபோது, நோய் திரும்பிய விகிதம் ஓர் ஆய்வில் ஒமேகா-3 பெற்றவர்களிடம் 31.6, போலி மாத்திரை பெற்றவர்களிடம் 35.7 சதவீதமாகவும், மற்றொன்றில் அதே வரிசையில் 47.8, 48.8 சதவீதமாகவும் இருந்தது. இரண்டிலும் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதற்கில்லை. விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் இந்த எண்களையே நம்புகிறேன்.

கொழுப்பு குடலில் செய்யும் வேலை நொதிகளோடு முடிவதில்லை. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் பால் கொழுப்பு மிகுந்த உணவைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது, பித்த அமிலங்கள் கந்தகம் கொண்ட டாரினோடு அதிகமாக இணைந்தன; அந்தக் கந்தகத்தைப் பயன்படுத்திப் பிலோஃபிலா வாட்ஸ்வொர்த்தியா என்னும் பாக்டீரியா பெருகியது; அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின்-10 என்னும் புரதம் இல்லாத எலிகளில் பெருங்குடல் அழற்சியும் கூடியது. பன்றிக் கொழுப்போ குசும்பா எண்ணெயோ கொடுத்த எலிகளில் அந்தப் பாக்டீரியா அவ்வாறு பெருகவில்லை. மரபணுக் குறையுள்ள எலிகளில் கண்டதைக் காட்டி நம் வீட்டு நெய் ஜாடியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் பால் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என எல்லாவற்றையும் நிறைவுற்ற கொழுப்பு என்று ஒரே பட்டியலில் அடைப்பது எவ்வளவு பிழையானது என்பதை இது காட்டுகிறது.

பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முதன்மை எரிபொருளான பியூட்டிரேட்டும் ஒரு கொழுப்பு அமிலமே. அதன் பெரும்பகுதி எண்ணெயிலிருந்து வருவதில்லை. நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து உண்டாக்குகின்றன. நோய் தணிந்திருக்கும்போது, மாத்திரைக்குச் செலவிடும் பணத்தைப் பயறுக்கும் காய்கறிக்கும் செலவிடலாம் என்பது என் கருத்து. குடலில் சுருக்கம் ஏற்பட்டவர்களுக்கு நார் அடைப்பை உண்டாக்கலாம் என்பதால், அவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே உணவை மாற்ற வேண்டும்.