சதாம் கையில் ரேஷன் கார்டு

மனித உரிமையை மிதிக்கிற அரசு மீது பொருளாதாரத் தடை போடு என்று யாராவது சொன்னால் முன்பெல்லாம் நானும் தலையாட்டுவேன், குண்டு போடுவதற்கு இது எவ்வளவோ தேவலை என்று. இராக் கதையைக் கொஞ்சம் ஊன்றிப் படித்த பிறகு தலை அவ்வளவு சுலபத்தில் ஆடுவதில்லை.

1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் குவைத்துக்குள் நுழைந்தார், நான்கே நாளில் ஐநா பாதுகாப்பு சபை தடை போட்டது. ஒரு காலத்தில் ஒரு தினார் கொடுத்தால் மூன்று டாலர் கிடைக்கும். சில வருஷத்தில் ஒரு டாலருக்கு ஆயிரக்கணக்கில் தினார் எண்ண வேண்டியதாயிற்று. பாக்தாத்தின் முத்தனபி தெருவில் படித்தவர்கள் தங்கள் வீட்டுப் புத்தகங்களையே நடைபாதையில் பரப்பி விற்றார்கள்.

சதாமுக்கு என்ன குறைந்தது? அரண்மனைகள் எழும்பிக்கொண்டேதான் இருந்தன. அதைவிட முக்கியம், மாவு, அரிசி, சர்க்கரை, தேயிலை, எண்ணெய் என்று மாதாமாதம் ரேஷன் கொடுத்தது அவருடைய அரசு. அரசை எதிர்த்து வாய் திறக்க நினைக்கிறவன் அடுத்த மாத மாவை நினைத்துப் பார்ப்பானா மாட்டானா, நீங்களே சொல்லுங்கள். மக்கள் பொங்கி எழுவார்கள் என்று போட்ட தடை, அவர்கள் சோற்றுப் பானையைக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்துவிட்டது.

அப்புறம் 1996 கடைசியில், ஐநா மேற்பார்வையில் இராக் எண்ணெய் விற்று உணவும் மருந்தும் வாங்கிக்கொள்ளலாம் என்ற 'எண்ணெய்க்கு உணவு' திட்டம் வந்தது. அதிலும் சதாம் அரசு கமிஷன் அடித்தது. (இந்த ஊழலை விசாரித்த வோல்க்கர் குழுவின் அறிக்கையில் பெயர் வந்ததால் 2005-ல் நம் நட்வர் சிங்கின் வெளியுறவுத் துறை பறிபோனதே, அதே விவகாரம்தான். அவர் கடைசிவரை மறுத்தார்.) இராக்கில் ஐநாவின் நிவாரணப் பணிக்குத் தலைமை வகித்த டெனிஸ் ஹாலிடே 1998-ல் இந்தத் தடையை எதிர்த்தே வேலையை விட்டார், அவருக்குப் பின் வந்தவரும் 2000-ல் அதையே செய்தார்.

தடையால் ஐந்து லட்சம் குழந்தைகள் செத்தார்கள் என்ற கணக்கு இன்னும் சுற்றுகிறது. அந்தக் கணக்கெடுப்பில் சதாம் அரசு கைவைத்தது பின்னால் தெரியவந்ததால் அதை நான் சொல்வதில்லை. சொல்லாமலே கதை போதுமான அளவு மோசம்.

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு மீது போட்ட தடை மட்டும் பலித்ததே என்பீர்களா? சரி, அங்கே பலித்தது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அங்கே தடை போடச் சொல்லிக் கேட்டதே அடிபட்டவர்கள்தான். 1985-ல் அமெரிக்க வங்கிகள் கடனைத் திருப்பிக் கேட்டதும் வெள்ளை முதலாளிகளே ஜாம்பியாவுக்குப் போய் நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வலி போக வேண்டிய இடத்துக்குப் போனது.

இராக்கில் சதாமை இறக்கியது 2003-ல் வந்த அமெரிக்க டாங்கிகள். தடையும் அந்த மே மாதமே போனது. ரேஷன் மட்டும் இன்னும் போகவில்லை.