28ஆம் வசனத்துக்கு முன்னால்

நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பிரிவில் செவிலியாகச் சேர்ந்தபோது என் விசுவாசம் பெரும்பாலும் பதில்களால் ஆனதாக இருந்தது. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனங்கள் ஒவ்வொரு துயரத்துக்கும் ஒன்றாக என்னிடம் தயாராக இருந்தன. அழுகிறவருக்கு உரிய வசனத்தை எடுத்துச் சொல்வதே சாட்சி என்று நம்பினேன். இனிக் குணமாக்க இயலாது என்று மருத்துவம் கைவிரித்துவிட்ட மனிதர்களின் அருகில் 14 ஆண்டுகள் கழிந்த பிறகு, அந்த நம்பிக்கையில் எது கரைந்தது, எது நின்றது என்பதை எழுதிப் பார்க்கத் தோன்றுகிறது.

எங்கள் பணியில் நேரம் மிக முக்கியமானது. வாய்வழியாகக் கொடுக்கும் சாதாரண மார்ஃபினின் பலன் ஏறக்குறைய 4 மணி நேரமே நிற்கும். ஆகையால் நோயாளி வலியில் துடித்துக் கேட்கும்வரை காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்து, வலி திரும்புவதற்கு முன்பே அடுத்த அளவைக் கொடுத்துவிட வேண்டும். இந்த முறையை வலியுறுத்தி நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியாகவும் பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, அதன்பின் மருத்துவம் படித்துத் தேறி, 1967இல் லண்டனில், சாகிறவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். சாகிறவரின் வலியில் உடல், மனம், குடும்பம், ஆன்மா ஆகிய நான்கும் பின்னிக் கிடக்கின்றன என்றும், அதை ‘முழுமையான வலி’ என்றே கருத வேண்டும் என்றும் அவர் கற்பித்தார். முதல் மூன்றுக்கும் மருத்துவரும் ஆலோசகரும் இருக்கிறார்கள், நான்காவதற்கு என் வசனங்கள் போதும் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

எலும்புகளுக்குப் பரவிய புற்றுநோயோடு வந்த முதியவர் ஒருவர் ஓர் இரவில், “நான் எங்கே தவறினேன், சிஸ்டர்? ஜெபத்தில் குறைவைத்தேனா?” என்று கேட்டார். ரோமர் நிருபத்தின் 8ஆம் அதிகாரம் 28ஆம் வசனத்தை உடனே சொன்னேன்: தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது. அவர் சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். “அந்த வசனத்தை நான் எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறேன்” என்றார். பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தாமும் அப்படிச் சொன்ன படுக்கைகளை எல்லாம் அவர் அந்த நொடியில் எண்ணிக்கொண்டிருந்தார் என்று எனக்குப் பட்டது.

பணி முடிந்து திரும்பியதும் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். 28க்கு இரண்டு வசனம் முன்னால், நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள வேண்டியது இன்னதென்று அறியாதிருக்கிறபடியால், ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறது. 22ஆம் வசனத்தில் சிருஷ்டி தவிக்கிறது, 23இல் விசுவாசிகள் தவிக்கிறார்கள், 26இல் ஆவியானவர் பெருமூச்சு விடுகிறார். நம் மொழிபெயர்ப்பில் தவிப்பு என்றும் பெருமூச்சு என்றும் பிரிந்து நிற்கும் இந்தச் சொற்கள், கிரேக்க மூலத்தில் முனகலைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் இந்த மூன்று முனகல்களையும் கடந்த பிறகே நன்மையைப் பற்றிப் பேசத் துணிகிறார். நான் முனகலைத் தாண்டிக் குதித்து, முடிவை மட்டும் அந்தப் பெரியவரின் கையில் திணித்திருந்தேன்.

தீமையும் துன்பமும் நிறைந்த உலகில் தேவன் நீதியுள்ளவர் என்று நிறுவ முயலும் தத்துவத்துக்கு, 1710இல் வெளியான தம் நூலின் மூலம் ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ் ‘தியோடிசி’ என்று பெயர் கொடுத்தார். அத்தகைய சிந்தனை வீண் என்று நான் சொல்லமாட்டேன்; அது இல்லாமல் என் விசுவாசம் சிந்திக்கும் மனத்தோடு பேசியிருக்காது. ஆனால் அதற்கு உரிய இடம் வாசிப்பு மேசை. வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்து துன்புற்ற யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை அவர்கள்மேல் குறையில்லை. விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகே வழி தவறினார்கள், கடைசியில் தேவனுடைய கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது. நான் அவசரமாக வசனம் சொன்னதற்குக் காரணம் என் பயம் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின. ‘நான் எங்கே தவறினேன்’ என்ற அந்தக் கேள்வி ஒரு நாள் என்னுடையதாகவும் இருக்கும் என்று நான் பயந்தேன்.

அதற்குப் பிறகு வாய்விட்டு ஜெபிக்க முடியாத நீண்ட காலம் ஒன்று வந்தது. ஆலயத்தில் உடன் நின்றவர்கள் என் ஆவி குளிர்ந்துவிட்டதாகக் கவலைப்பட்டார்கள். அக்காலத்தில்தான், திருச்சபையின் வாசலிலேயே நின்று, 1943இல் 34 வயதில் இறந்த சீமோன் வேய் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளரைப் படித்தேன். கலப்பில்லாத முழுக் கவனமே ஜெபம் என்ற அவர் கருத்து, நான் ஏற்கெனவே கைகளால் செய்துகொண்டிருந்ததற்குப் பெயர் சூட்டியது. படுக்கைப்புண் வராமல் உடலைப் புரட்டிவிடுவதும், விழுங்க முடியாதவரின் உலர்ந்த உதடுகளை நனைத்த பஞ்சால் ஒற்றுவதும், மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே நீளும் இடைவெளியைக் கவனிப்பதும் மனம் வேறெங்கும் அலையாமல் செய்யப்பட்டபோது, நான் இழந்துவிட்டதாக நினைத்த ஜெபம் அங்கே இருந்தது. கைதாவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு சீஷர்களிடம் விளக்கம் எதுவும் கேட்கவில்லை, தம்மோடுகூட விழித்திருக்கும்படிதான் கேட்டார். சாண்டர்ஸ் அம்மையாரும் தம் இல்லத்தின் பணியை விளக்க அந்த வார்த்தைகளையே எடுத்துக்கொண்டார். விழித்திருத்தல் இரவுப் பணியாளருக்கு உவமை ஆகாது, அது நேரப் பட்டியலில் எழுதப்பட்ட கடமை.

இப்போது அந்தக் கேள்வி யாரிடமிருந்து வந்தாலும், கடைசி மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று முதலில் பார்க்கிறேன்; உடலின் வலி ஆன்மாவின் குரலில் பேசுவது உண்டு. பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறேன். 28ஆம் வசனத்தை இன்றும் விசுவாசிக்கிறேன், ஆனால் எந்தப் படுக்கையருகிலும் அதை நானாக எடுத்துச் சொல்வதில்லை. சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில், உதடுகளை நனைத்துக்கொண்டிருந்தபோது, பல நாள் பேசாதிருந்த ஓர் அம்மா தாமாகவே அதை முணுமுணுத்தார். முடிக்க மூச்சுப் போதாமல் பாதியில் நிறுத்தினார். மீதியை நான் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆமென் என்றேன்.