நீல பெல்ட் தேர்வு: கடல் பழக்கம் எனக்குக் கைகொடுத்த விதம்

போன வாரம் முடிவு சொன்னார்கள். தரையில் பிடித்து மல்லுக்கட்டும் தற்காப்புக் கலையான பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில், வெள்ளைக்கு அடுத்த நீல பெல்ட் கிடைத்துவிட்டது. மனசு இப்போதுதான் லேசாகியிருக்கிறது. இங்கே சான் டியேகோவில் காலையில் சர்ஃபிங் செய்யக் கடலுக்கும் மாலையில் மேட்டுக்கும் (ஜியு-ஜிட்சு பழகும் மெத்தை விரிப்பு, mat) போகிற தமிழ்ப் பிள்ளைகள் சிலர், எப்படித் தயாரானீர்கள் என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். தேர்வில் என்னென்ன கேட்பார்கள் என்பது வெள்ளை பெல்ட் கட்டிய எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம்.

என்னைத் தேற வைத்தது ஒன்றே ஒன்றுதான்: அடியில் மாட்டிக்கொண்டால் பதறாமல் அடங்கிக் கிடப்பது.

சர்ஃபிங் செய்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அலை உங்களைப் பலகையிலிருந்து தூக்கி எறிந்து உள்ளே அமுக்கும்போது, கை கால்களை உதறினால் மூச்சுதான் சீக்கிரம் தீரும். மேலே எது, கீழே எது என்றே தெரியாது. இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு உடம்பைத் தளர்த்திவிட வேண்டும். சாதாரண அலை சில விநாடிகளில் விட்டுவிடும். அந்தப் பிடி தளர்ந்த பிறகு மேலே வந்தால் போதும்.

மேட்டிலும் இதேதான். நம்மைவிட இருபது கிலோ கூடுதலான ஆள் மவுண்டில், அதாவது மல்லாந்து கிடக்கும் நம் மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு, உட்கார்ந்தால், கையை நீட்டித் தள்ளத்தான் முதலில் தோன்றும். நீட்டிய கை அவருக்கு ஆர்ம்பார், முழங்கையை மடக்கிப் பூட்டும் பிடி போட வாய்ப்பு. முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள். சைடு கன்ட்ரோல் (பக்கவாட்டில் மார்போடு அழுத்திப் பிடிப்பது) என்றால் ஒரு முன்கை அவர் கழுத்தருகே, இன்னொன்று இடுப்பில். அப்புறம் காத்திருங்கள். அவர் தாக்க நினைத்து நகரும்போது எடை ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இடம் பிறக்கும். ஷிரிம்ப் செய்ய, அதாவது இறால் போல வளைந்து இடுப்பை நகர்த்தித் தப்ப, வேண்டிய நேரம் அதுதான்.

ஒரு வித்தியாசத்தை மறக்காதீர்கள். தண்ணீருக்குள் மூச்சைப் பிடிக்கிறோம். மேட்டில் பிடிக்கவே கூடாது, நீளமாக வெளியே விட வேண்டும். கடலில் இருந்து வருகிறவர்கள் பலர் பழக்கதோஷத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு சண்டை போடுகிறார்கள். இரண்டாவது ரோலிலேயே (பயிற்சிச் சண்டைச் சுற்று) முகம் சிவந்துவிடும். தேர்வில் புதிது புதிதாக ஆள் மாற்றி அனுப்பும் கடைசிப் பகுதியில், மூச்சை விட்டுக்கொண்டே கிடந்தவர்கள்தான் கடைசி வரை நின்றார்கள்.

கடலையும் மேட்டையும் சேர்ப்பது நான் கண்டுபிடித்தது இல்லை. 1914இல் பிரேசிலுக்குப் போன ஜப்பானியர் மிட்சுயோ மாயேடாவிடம் கற்றவர், இந்தக் கலையை வளர்த்த கிரேசி குடும்பத்தின் கார்லோஸ் கிரேசி. அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறை ரியோவின் கடற்கரையில் வளர்ந்தது. அவர்களுக்குப் பயிற்சிக்கூடமும் அலையும் ஒரே நாளின் இரண்டு வேளைகள். ரிக்சன் கிரேசி சர்ஃபிங் செய்கிறவர். ஒர்லாண்டோ கானி என்ற ஆசிரியரிடம் மூச்சுப் பயிற்சியைத் தனியாகவே கற்றார். ரெல்சன் கிரேசி ஹவாய்க்குப் போய் அங்கே கலையைப் பரப்பினார். எங்கள் சான் டியேகோ பக்கத்தைச் சேர்ந்த ஜோயல் டியூடர் 1998, 2004, 2021 ஆகிய மூன்று ஆண்டுகளில் லாங்போர்டு (நீளப் பலகை சர்ஃபிங்) உலக சாம்பியன். ஜியு-ஜிட்சுவில் கறுப்பு பெல்ட்டும் அவரிடம் இருக்கிறது. சர்ஃபிங்கில் 11 முறை உலகப் பட்டம் வென்ற கெல்லி ஸ்லேட்டரும் மேட்டில் உருள்கிறவர்தான். இவ்வளவு பேர் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள் என்றால் உடம்புக்குள் ஏதோ பொதுவாக இருக்கிறது என்றே நம்புகிறேன்.

கீழே இருந்தபடி எதிராளியைப் புரட்டி மேலே வரும் ஸ்வீப்பும் அலையைப் பிடிப்பது போலத்தான். அலை வந்து சேர்ந்த பிறகு துடுப்புப் போட்டால் அது நம்மைத் தாண்டிப் போய்விடும், முன்பே கையை ஓட்ட வேண்டும். எதிராளியின் எடை சாயத் தொடங்கும்போதே இடுப்பைத் திருப்புங்கள். சாய்ந்து முடித்து அவர் கையை ஊன்றிவிட்டால் வாய்ப்பு போச்சு.

கடல்காரர்கள் கவனிக்க வேண்டியவை:

– பலகையில் துள்ளி எழும் பாப்-அப் வேறு, மேட்டில் காவலோடு எழும் டெக்னிக்கல் ஸ்டாண்ட்-அப் வேறு. பலகையில் இரண்டு கையையும் முன்னால் ஊன்றுவோம். இங்கே ஒரு கை பின்னால், இன்னொன்று முகத்துக்குக் காவல். தேர்வாளர் கண்ணில் முதலில் படுவது இதுதான். தனியாக, நிறையப் பழகுங்கள்.

– பலகையில் எப்போதும் ஒரே கால்தான் முன்னால் இருக்கும். தேர்வில் இரண்டு பக்கமும் செய்து காட்டச் சொல்வார்கள். வராத பக்கத்துக்கு அதிக நேரம் கொடுங்கள்.

– தேர்வுக்கு முந்தைய சில நாட்கள் கடல் வேண்டாம். துடுப்புப் போடும் தோளும் முதுகும் முன்கையும்தான் கியை (ஜியு-ஜிட்சு சீருடை) பிடிக்கவும் வேண்டும். நல்ல செட் (அடுத்தடுத்து வரும் பெரிய அலைகள்) வருகிறது என்று நண்பர்கள் படம் அனுப்புவார்கள். திறக்காதீர்கள்.

– பாறையிலோ ஃபின்னிலோ (பலகையின் அடித்துடுப்பு) கீறிய புண் ஆறாமல் மேட்டுக்குப் போகக் கூடாது. தொற்று உங்களுக்கும் வரும், கூட உருள்கிறவருக்கும் வரும்.

– டேப் (tap) அடிக்க, அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள, தயங்க வேண்டாம்.

நான் இயல்பிலேயே நிதானமான ஆள். முதல் விநாடியிலேயே பாய்ந்து போய் ஜெயிக்கிறவர்களுக்கு என் வழி பிடிக்காமல் போகலாம். அவர்களும் தேறுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் சின்ன உடம்பும் குறைந்த பலமும் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கடல் பக்கமே போகாதவர்கள் இப்படிச் செய்யலாம். வகுப்பு முடிந்ததும், நம்பிக்கையான கனத்த ஆள் ஒருவரை மவுண்டில் உட்காரச் சொல்லுங்கள். அவர் தாக்க வேண்டாம், எடையை மட்டும் போடட்டும். நீங்களும் தப்பிக்க முயல வேண்டாம். ஒரு சுற்று முழுக்க மூச்சை மட்டும் நீளமாக விட்டுக்கொண்டு கிடங்கள். பதற்றம் அடங்கிய பிறகு அடுத்த வாரம் அவரை மெதுவாகத் தாக்கச் சொல்லலாம்.