ரேடியோவைத் திறக்க மறுத்த மனிதர்

கனடாவில் ஸ்காபரோவிலிருந்து ட்ரக் ஓட்டும் எங்கள் ஆட்களில், ட்ரக்குக்கு ட்ரக் கதைக்கும் சி.பி. ரேடியோ வைத்திருப்பவர்கள் இப்போது குறைவு. காதில் ஃபோன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் கதைத்துக் கதைத்தே டிட்ராயிட் போய் வந்துவிடலாம். "உந்தக் கிழட்டுச் சாமான் உங்களுக்கு ஏன் அண்ணை?" என்று புதிதாக லைசென்ஸ் எடுத்த பெடியள் கேட்பார்கள்.

மூடுபனிக்குத்தான். 1999 செப்டம்பர் 3 காலையில், விண்ட்சருக்குக் கிட்ட 401 நெடுஞ்சாலையில், மூடுபனிக்குள் 87 வாகனங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. எட்டுப் பேர் செத்துப்போனார்கள். நான் ஓட்ட வருவதற்கு முந்திய கதை அது. எனக்குப் பழக்கியவர் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் அதைச் சொல்வார், சொல்லிவிட்டு 19ஆம் சேனலின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார். ட்ரக் ஓட்டுபவர்களின் சேனல் அது. முன்னால் இரண்டு மைலில் எல்லோரும் நிற்கிறார்கள் என்ற செய்தி, ஃபோனில் இருக்கும் வரைபடம் சிவப்பாக மாறுவதற்கு முன்பே அதில் வந்துவிடும்.

பெரிய சாமான் ஒன்றும் இல்லை. 27 மெகாஹெர்ட்ஸில் 40 சேனல்கள், சட்டப்படி நாலு வாட். ஒரு சின்ன பல்பு எரியப் போதுமான சக்தி. அதை வைத்துக்கொண்டு நல்ல நாளில் ஐந்தாறு மைல் பேசலாம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் வேகத்தை 55 மைலுக்குக் குறைத்தபோது, எங்கே பொலிஸ், எங்கே டீசல் என்று சொல்லிக்கொள்ளவே இது வீட்டுக்கு வீடு பரவியதாம். அந்தக் காலத்தில் மூலைக்கு மூலை திருத்தும் கடைகளும் இருந்திருக்கும். இப்போது ட்ரக் நிறுத்தங்களில் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

என்னுடையது பழைய கோப்ரா 29. வாங்கிய புதிதில் என் குரல் தூரம் போகவில்லை என்று ஒரு மனக்குறை. ஒஹாயோவில் ஒரு ட்ரக் நிறுத்தத்தில் திருத்துபவர் ஒருவர் இருந்தார். வாசலில் "பீக் அண்ட் டியூன்", அதாவது ரேடியோவின் சக்தியை உச்சத்துக்கு ஏற்றித் தருவோம் என்று கையால் எழுதிய அட்டை. ரேடியோவைக் கழற்றிக் கொடுத்தேன். கோப்பியை முடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. மைக்கைப் பிடித்து "ஹலோ" என்று நீட்டி இழுத்தார். ரேடியோவின் முள் வலதுகோடிக்குப் பாய்ந்தது. முன்பு பாதியில் நின்ற முள். அறுபது டொலர் கொடுத்தேன். பில் கேட்கத் தோன்றவில்லை. முள்ளைப் பார்த்த சந்தோஷம்.

அன்றிலிருந்து எனக்குப் பதில் சொல்பவர்கள் குறைந்தார்கள். சொன்னவர்களும் "திருப்பிச் சொல்லு" என்றார்கள். ஒருவர், வாளிக்குள் தலையை விட்டுக் கதைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். என் உச்சரிப்பைப் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்துக் கோபப்பட்டேன். அந்த வருஷம் கார்த்திகை மாதம் சாட்டம் நகரைத் தாண்டும்போது மூடுபனி. முன்னால் ஒரு ட்ரெய்லர் குறுக்கே நிற்பதைக் கண்டு, பின்னால் வருபவர்களுக்கு மூன்று தரம் சொன்னேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. நல்ல காலம், பின்னால் வந்தவர் என் ஹசார்ட் லைட்டைக் கண்டுவிட்டார். ஹசார்ட் லைட் செய்த வேலையை அறுபது டொலர் ரேடியோ செய்யவில்லை.

நல்ல ஆளைத் தேடியது அதற்குப் பிறகுதான். தேடும்போதும் ஒரு பிழை விட்டேன். சத்தமாகக் கேட்கிறவர்களிடமெல்லாம் "ஆரிட்டக் குடுத்தனீங்கள்?" என்று விசாரித்தேன். சத்தமாகக் கேட்கிறவர்கள் பலர் சட்டவிரோதமான ஆம்ப்ளிஃபையர் பூட்டியிருப்பவர்கள். அவர்கள் சொல்லும் கடையெல்லாம் ஆம்ப்ளிஃபையர் விற்கும் கடை. பிரம்டனில் எங்கள் யார்டில் ஓடும் பஞ்சாபி முதியவர் ஒருவர்தான் வழி காட்டினார். அவருடைய ரேடியோ சத்தமில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. "பாஜி, உங்களுக்கு யார் செய்தது?" என்றேன். "லண்டனுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர். ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ்காரர். போ, ஆனால் ஏசுவார்" என்றார். ஒன்டாரியோவிலும் ஒரு லண்டன் இருக்கிறது.

ஃபோனில் அவர் கேட்டது இரண்டே கேள்வி. எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவு, எனக்கு முன்னால் யார் திறந்தது. இரண்டாவது கேள்வி, போன தரம் யார் முடி வெட்டியது என்று சலூன்காரர் கேட்பது போலவே இருந்தது. முதலாவதுக்கு என்னிடம் பதிலே இல்லை. அன்ரெனாவுக்கு அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஏறாமல் திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு அது. ஒன்றரைக்குக் கீழே இருந்தால் நல்லது. மூன்று என்றால் காற்பங்கு திரும்பி வருகிறது என்று அர்த்தம், கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர் என்றைக்காவது கருகும். ஒஹாயோக்காரர் இதை அளக்கவேயில்லை. ட்ரக் பக்கமே வரவில்லையே.

இவர் ரேடியோவைக் கையில் வாங்கவில்லை. மீற்றரைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். 1, 20, 40 என்று மூன்று சேனலில் அளந்தார். மூன்றிலும் மூன்றுக்கு மேலே. "அன்ரெனாவின் நீளப் பிழை என்றால் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். எல்லா இடமும் கூட என்றால் கிரவுண்ட்டைப் பார், வயரைப் பார்" என்றார். பக்கக் கண்ணாடியின் தாங்கியில் பூட்டியிருந்த அன்ரெனாவின் அடிக்கும் சேஸிக்கும் இடையில் அளந்தார். தொடர்பே இல்லை. தாங்கிக்கு அடியில் பெயின்ட். பெயின்டைச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் ஒன்று போட்டு, கதவுக்கும் கேபினுக்கும் நடுவே பின்னல் கம்பியால் ஒரு இணைப்புக் கொடுத்தார். ரேடியோவிலிருந்து அன்ரெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் வயர் கதவிடுக்கில் நசுங்கிப்போயிருந்தது, அதையும் மாற்றினார். மறுபடி அளந்தபோது 1.4.

"சரி, இனி ரேடியோவைத் திறப்பம்" என்றேன்.

"இன்றைக்கு இல்லை. ஒரு கிழமை ஓடிவிட்டு வா. தேவையென்றால் திறக்கலாம்."

கராஜ் வாசலில் நின்றுகொண்டிருந்த எனக்கு ஊர் ஞாபகம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரி தடைசெய்த சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில்தான் செய்தி கேட்போம். ரேடியோ பாடவில்லை என்று எங்கள் ஒழுங்கையில் இருந்த திருத்துகாரரிடம் கொண்டுபோனால், அவர் ஸ்க்ரூ ட்ரைவரைத் தொடமாட்டார். "சைக்கிளைக் கொண்டு வா" என்பார்.

ஒரு கிழமை ஓடினேன். தூரம் கூடியிருந்தது, வாளிக் குரல் போகவில்லை. திரும்பிப் போனேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு என்னை இருக்கச் சொல்லிவிட்டுத் திறந்தார். காயில்கள் அசையாமலிருக்கக் கம்பனி ஊற்றிய மெழுகு, பல இடத்தில் உடைந்திருந்தது. அன்ரெனாவுக்குப் பதிலாக டம்மி லோட் ஒன்றைப் பூட்டி, என்னையே மைக்கில் பேச வைத்து, அலையின் வடிவத்தைக் காட்டும் ஸ்கோப்பின் திரையைக் காட்டினார். அலை இடுப்பில் அறுந்து அறுந்து ஓடியது. குரல் அளவுமீறாமல் பிடித்து வைக்கும் டிரான்சிஸ்டரை வெட்டி எடுத்திருந்தார்கள். அறுபது டொலர் "டியூனில்" பாதி அந்த ஒரு வெட்டு. மற்றப் பாதி இன்னும் மோசம். முள்ளுக்கென்றே உள்ளே ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அதைத் திருப்பினால் வாட் கூடாது, முள் மட்டும் கூடும். அதைக் கோடிவரை திருப்பியிருந்தார்கள். மற்றவர் பேசுவதை வாங்கும் பகுதியில் உள்ள காயில் ஒன்றில் இரும்பு ஸ்க்ரூ ட்ரைவரை விட்டு, அதன் நடுவிலுள்ள ஃபெரைட் துண்டைப் பிளந்தும் வைத்திருந்தார்கள். பழைய ரேடியோ ஒன்றிலிருந்து அதே காயிலைக் கழற்றிப் போட்டார். அவர் கையில் இருந்தது பிளாஸ்டிக் குச்சி.

எட்டு வாட்டாவது ஆக்க முடியாதா என்று வெட்கமில்லாமல் கேட்டேன். அப்போதுதான் ஏசினார். கேட்பவன் ரேடியோவில் முள் ஒரு எஸ், அதாவது சிக்னலின் பலத்தில் ஒரு படி, ஏற வேண்டுமென்றால் சக்தி நாலு மடங்காக வேண்டும், இரண்டு மடங்காக்கினால் ஒருவனுக்கும் வித்தியாசம் தெரியாது, ரேடியோதான் சூடாகும் என்று அட்டையில் எழுதியே காட்டினார். கழற்றிய துண்டுகளைச் சின்னப் பொலித்தீன் பையில் போட்டுத் தந்தார். முந்திய அளவும் பிந்திய அளவும் பில்லில் இருந்தன. கூலி ஒஹாயோவை விடப் பத்து டொலர் குறைவு.

இப்போது என் முள் பாதிக்கு மேலே ஏறுவதில்லை. போன மாதம் டில்பரியைத் தாண்டும்போது மூடுபனி இறங்கியது. மைக்கை எடுத்து, கிழக்கே போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டேன். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். ஒருதரம்தான் சொன்னேன்.

"உனக்கு நாலு மைல் முன்னால் வலதுபக்க லேன் மூடியிருக்கிறது, இப்போதே இடதுபக்கம் எடு" என்றார்.