வடகடலில் வாட்டர் ஸ்கூட்டர்: தேர்வு முதல் வாடைக்கு மூடி வைப்பது வரை

வாட்டர் ஸ்கூட்டர் வாங்கப் போகிறோம் என்றாலே எந்தக் கம்பெனி, எத்தனை ஹெச்பி என்றுதான் பேச்சு தொடங்குகிறது. ராமநாதபுரம் கரையில், அதாவது வடகடல் என்று சொல்லும் பாக் விரிகுடாப் பக்கம், அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஓட்டி முடித்ததும் இன்ஜினைக் கழுவ நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும்? இறக்கப் போகும் கரையில் தாழை (கடற்புல்) எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எந்த வண்டி என்பது பாதி முடிவாகிவிடும்.

முதலில் தண்ணீர். மண்டபம், பனைக்குளம், தேவிபட்டினம் பக்கம் பெரும்பாலான போர் தண்ணீர் உப்பு. அதை வைத்து இன்ஜினைக் கழுவினால் கடல் உப்பு போய் நிலத்தடி உப்பு உள்ளே உட்காரும், அவ்வளவுதான் மாற்றம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும், குடிநீர்க் கேன் கடைகளில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு இருக்கும். கழுவுகிற தண்ணீர் 500க்குக் கீழே இருந்தால் நல்லது, 1,000 வரை சமாளிக்கலாம், 2,000 தாண்டினால் பயனில்லை. தோட்டத்துக் குழாய் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் தருவதாக வைத்தாலும், ஐந்து நிமிடக் கழுவலுக்கு ஐம்பது லிட்டர் ஆகிறது. வெளிப்புறம் கழுவ இன்னொரு ஐம்பது. ஆகவே 200 லிட்டர் டிரம் ஒன்று, சின்ன பம்ப் ஒன்று, லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு. நாங்கள் செலவுக் கணக்கைத் தொடங்குவது இங்கேதான். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்க முடிந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

அடுத்தது எடை. இந்தக் கரையில் சிமெண்டுச் சரிவு உள்ள இறங்குதுறை எல்லா இடத்திலும் கிடைக்காது. பெரும்பாலும் மணலில்தான் தள்ளி இறக்க வேண்டும். சீ-டூ ஸ்பார்க் போன்ற சின்ன ரகம் சுமார் 190 கிலோ. யமஹாவின் சிறிய இஎக்ஸ் ரகம் 270 கிலோவை ஒட்டி வரும். மூன்று பேர் அமரும் பெரிய வண்டிகள் 350 கிலோவைத் தாண்டும். பெரிய பலூன் சக்கரம் போட்ட தள்ளுவண்டி இருந்தால் 190 கிலோவை இரண்டு பேர் சமாளிக்கலாம். 350 கிலோவுக்கு டிராக்டர் தேவைப்படும். டிராக்டர் தினமும் வராது. எனவே குடும்பத்தோடு, கரையை ஒட்டி ஓட்ட 60 முதல் 100 ஹெச்பி போதும். சூப்பர்சார்ஜர் உள்ள வண்டி இங்கே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து: பெட்ரோலும் பராமரிப்பும் அதிகம், அந்த வேகத்தை வலைகளுக்கு நடுவே பயன்படுத்தவும் முடியாது. முழு ஆக்சிலேட்டரில் பெட்ரோல் இன்ஜின் ஒரு ஹெச்பிக்கு மணிக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர் குடிக்கும். 90 ஹெச்பி வண்டி 30 லிட்டர் டாங்கியை ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடும். போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று பிரித்துக்கொண்டுதான் கரையை விட வேண்டும்.

குளிரூட்டும் முறையிலும் வித்தியாசம் உண்டு. யமஹா, கவாசாகி வண்டிகளில் கடல் நீரே இன்ஜினுக்குள் ஓடி வெப்பத்தை எடுக்கும். சீ-டூவில் கார் போல கூலன்ட் தனியாகச் சுற்றும். ஆனால் சைலன்சர் பக்கம் கடல் நீர்தான். அதனால் சீ-டூவுக்குக் கழுவல் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அடிப்பாகத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபைபர் உடல் உடைந்தால் நாட்டுப்படகுக்கு ஃபைபர் ஒட்டுகிற எந்தப் பட்டறையிலும் சரி செய்யலாம். ஸ்பார்க்கின் உடல் பாலிபுரொப்பிலீன் கலவை. அதில் வழக்கமான ரெசின் பிடிக்காது, பிளாஸ்டிக் வெல்டிங் தெரிந்த ஆள் வேண்டும்.

செகண்ட் ஹாண்ட் வண்டி பார்க்கப் போனால் பெயின்டையும் சீட்டையும் பார்த்து மயங்கக் கூடாது. சீட்டைக் கழற்றி டார்ச் அடியுங்கள். சைலன்சர் இணைப்புகளில் வெள்ளைப் பொருக்கு, ஒயர் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு இருந்தால் உப்பு வெகுநாளாக வேலை செய்திருக்கிறது. ஆயில் கம்பியை இழுத்துப் பாருங்கள்: பால் கலந்த காபி நிறம் என்றால் ஆயிலில் தண்ணீர். கம்ப்ரஷன் பார்க்கும்போது ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. பிறகு பின்பக்கம் குனிந்து, பம்புக்குள் சுழன்று தண்ணீரைப் பின்னால் தள்ளும் இம்பெல்லரைப் பாருங்கள். இலைகளின் விளிம்பு நசுங்கி இருக்கிறதா, சுற்றியுள்ள வளையத்தில் விரல் நகம் சிக்கும் அளவுக்குக் கோடுகள் விழுந்திருக்கின்றனவா என்று தடவிப் பார்க்க வேண்டும். இலைக்கும் வளையத்துக்கும் நடுவே புதிதில் அரை மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஒரு மில்லிமீட்டரைக் காட்டினால் வளையம் மாற்ற வேண்டும். அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள். இடைவெளி கூடினால் தண்ணீர் பின்னால் நழுவும். இன்ஜின் அலறும், வண்டி நகராது.

பணம் கொடுக்கும் முன்பே அனுமதி விஷயத்தை முடித்துவிட வேண்டும். இது எல்லைக் கடல். உச்சிப்புளியில் கடற்படைத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை. புதிதாக ஓர் இன்ஜின் சத்தம் கேட்டால் விசாரிக்காமல் விட மாட்டார்கள். கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் நிலையத்திலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். தென்கடல் பக்கம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் இருக்கின்றன. அங்கே விளையாட்டு வேண்டாம். கடல் வேண்டாம், கண்மாயில் ஓட்டலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் நான்கும் பறவைகள் சரணாலயம், நான்கும் உலக அளவில் முக்கியமானவை என்று ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். கூடு கட்டும் பறவைகளுக்கு நடுவே இந்தச் சத்தம் போகவே கூடாது. மற்ற கண்மாய்கள் பாசனத்துக்கு, அவற்றிலும் தண்ணீர் சில மாதம்தான்.

வடகடலில் பெரிய தொல்லை தாழை. கரையை ஒட்டிக் கடல் ஆழம் குறைவு, அடியில் கடற்புல் மெத்தை போலக் கிடக்கும். காற்று கிளப்பினால் அறுந்த இலைகள் மேலே மிதந்து வரும். கையேடுகள் அடிப்பாகத்துக்குக் கீழே 60 முதல் 90 செ.மீ. தண்ணீர் வேண்டும் என்கின்றன. இங்கே அது போதாது. புல்லின் நுனியிலிருந்து அந்த அளவு வேண்டும். மணலில் வைத்தோ முழங்கால் தண்ணீரிலோ ஸ்டார்ட் செய்தால் பம்ப் மணலையும் கிளிஞ்சலையும் உறிஞ்சி இம்பெல்லரைத் தின்றுவிடும். இடுப்புக்கு மேல் தண்ணீர் வரும் வரை தள்ளிக்கொண்டு போய், தெளிவான மணல் திட்டு பார்த்து ஸ்டார்ட் செய்யுங்கள். அதே தடத்தில் திரும்புங்கள். இரண்டு மிதவை கட்டி அந்தத் தடத்தைக் குறித்து வைப்பது நல்லது. புல்லை மேய ஆவுளியா (கடற்பசு) வரும் கடல் இது. 2022இல் அறிவிக்கப்பட்ட கடற்பசு பாதுகாப்பகம் வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் இருக்கிறது. விலங்குக்கு மாவட்ட எல்லை கிடையாது. புல் மேல் மெதுவாகப் போவது அதற்கும் நல்லது, பம்புக்கும் நல்லது.

தாழை அடைத்தால் தெரியும்: ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது, அடியில் ஓர் அதிர்வு. அப்போது ஆக்சிலேட்டரை மேலும் முறுக்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் காரியம். அடைத்த பம்பில் குளிர்ச்சி நீரும் வராது. சில நிமிடத்தில் சைலன்சர் குழாய்கள் உருகத் தொடங்கும். உடனே இன்ஜினை நிறுத்தி, கழன்றால் இன்ஜினை நிறுத்திவிடும் மணிக்கட்டுக் கயிற்றை வண்டியிலிருந்து கழற்றுங்கள். வண்டியை இருபுறமும் நன்றாக ஆட்டினால் கொஞ்சம் புல் தானாகக் கீழே விழும். போகாவிட்டால் கயிறு கழற்றிய நிலையிலேயே தண்ணீரில் இறங்கி, அடியில் உள்ள கம்பிச் சல்லடைக்குள் விரல் விட்டு இழுத்தெடுக்க வேண்டும். நண்டு வலை நரம்பு சுற்றினால் வேறு கதை: அது சூட்டில் இளகித் தண்டில் ஒட்டிக்கொள்ளும். கடலில் வைத்து அறுக்க முயலாமல் இழுத்துக் கரை சேர்ப்பதே மேல். தெர்மாகோல் மிதவை கண்ணில் பட்டாலே சுற்றிப் போங்கள். அந்த வலை ஒருவருடைய அன்றாடச் சோறு.

காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்கள் யோசிப்பதே இல்லை. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் வடகடல் ஏரி போலக் கிடக்கும். மே முதல் செப்டம்பர் வரை ஓட்ட ஏற்ற காலம் அதுதான். ஆனால் கச்சான் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. இன்ஜின் நின்றால் வண்டி கரைக்கு வராது, வெளியே போகும், எல்லைப் பக்கம் போகும். அதனால் மூன்று கிலோ மடக்கு நங்கூரமும் முப்பது மீட்டர் கயிறும் இல்லாமல் கரையை விடாதீர்கள். ஆறு மீட்டர் ஆழம் வரை அந்தக் கயிறு ஐந்து மடங்கு நீளம் தரும், நங்கூரம் படுத்துப் பிடிக்கும். போனைத் தண்ணீர் புகாத உறையில் கழுத்தில் மாட்டி, கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் பதிந்து வையுங்கள். லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும். பின்னால் அமர்பவருக்கு வெட்சூட் கால்சட்டையும் வேண்டும்: பின்புறமாக விழுந்தால் பம்பிலிருந்து வரும் தண்ணீர்ப் பீச்சு உடலுக்குள் பாய்ந்து பெரும் காயம் செய்யும். துப்பட்டா, வேட்டி, அவிழ்த்த கூந்தல் வேண்டாம். புதிதாக ஓட்டுகிறவருக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு ஹேண்டிலை மட்டும் திருப்பினால் வண்டி திரும்பாது, நேராகவே போகும். கவிழ்ந்தால் பின்புற ஸ்டிக்கரில் அம்புக்குறி காட்டும் திசையில் மட்டுமே நிமிர்த்த வேண்டும். எதிர்த்திசையில் புரட்டினால் சைலன்சர் தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடும்.

கரையேறியதும் அரை மணி நேரம் வண்டிக்கு. கழுவுவதில் வரிசை முக்கியம். பைப்பை அதன் இணைப்பில் மாட்டுங்கள், தண்ணீரைத் திறக்காதீர்கள். முதலில் இன்ஜின் ஸ்டார்ட், உடனே குழாய் திறப்பு. மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடட்டும். நிறுத்தும்போது முதலில் குழாயை மூடி, இரண்டு மூன்று தடவை லேசாக முறுக்கி உள்ளே நிற்கும் தண்ணீரைத் துப்ப விட்டு, அதற்குப் பிறகு இன்ஜினை அணையுங்கள். இன்ஜின் ஓடாமல் தண்ணீர் திறந்தால் அது சைலன்சர் வழியாக ஏறி சிலிண்டரை நிரப்பும். தண்ணீர் இல்லாமல் இன்ஜின் பதினைந்து விநாடிக்கு மேல் ஓடக் கூடாது. பின்பக்கத்து இரண்டு டிரெயின் பிளக்குகளையும் கழற்றி, முன்பக்கம் உயரமாக நிறுத்தி வடிய விடுங்கள். கழற்றிய பிளக்குகளை ஹேண்டிலில் கட்டித் தொங்கவிடுவது நல்ல பழக்கம். அடுத்த முறை பூட்டாமல் இறக்க முடியாது. சீட்டைத் திறந்து வைத்து உலர்ந்ததும் இன்ஜின் மேல் அரிப்புத் தடுப்பு ஸ்பிரே. டிரெய்லரில் வருகிற வண்டி என்றால், நெடுந்தூரம் ஓடிச் சூடான சக்கரத்தை உடனே கடலில் இறக்காதீர்கள். பேரிங் சட்டென்று குளிர்ந்து உப்பு நீரை உள்ளே இழுக்கும்.

ஆயில் 50 மணி நேரத்துக்கு ஒரு முறை. கையேடு 100 என்று சொன்னாலும் உப்புக் காற்றில் முன்கூட்டியே மாற்றுவது நல்லது. அடியில் பிளக் இல்லாததால் ஆயில் கம்பி ஓட்டை வழியாக உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். பம்பில் துத்தநாகத் துண்டு இருந்தால் பாதி கரைந்ததும் மாற்றுங்கள். பெட்ரோலில் கவனம் தேவை. இப்போது பங்க்கில் வருவது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்தது. பெரும்பாலான கையேடுகள் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் கடற்காற்றின் ஈரத்தை இழுத்து, அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து டாங்கியின் அடியில் பிரிந்து நிற்கும். வாரக் கணக்கில் நிறுத்தி வைக்காமல் தேவைக்கு ஊற்றி ஓட்டுங்கள். ஆண்டுதோறும் பெட்ரோல் குழாய்களை வளைத்து வெடிப்பு பாருங்கள்.

அக்டோபரில் வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கினால் வடகடல் கலங்கும், வண்டிக்கு ஓய்வு. ஆயிலையும் ஃபில்டரையும் மூடி வைக்கும் முன்பே மாற்றுங்கள். பழைய ஆயிலில் உள்ள அமிலமும் ஈரமும் மூன்று மாதம் பேரிங்கில் நிற்கக் கூடாது. பழைய பெட்ரோலை வடித்து, புதியதை, கெடாமல் வைக்கும் ஸ்டெபிலைசர் கலந்து ஏறக்குறைய நிறைய ஊற்றி, கழுவும் தண்ணீரோடு ஐந்து நிமிடம் ஓட்டினால் அது இன்ஜெக்டர் வரை போய்விடும். ஸ்பார்க் பிளக் ஓட்டைகளில், உள்ளே துரு பிடிக்காமல் காக்கும் ஃபாகிங் ஆயில் அடித்து, கையேடு சொல்லும் முறையில் இன்ஜினைப் பற்றவிடாமல் சுற்ற விடுங்கள். பேட்டரியை வெளியே எடுத்து வீட்டுக்குள் வையுங்கள்; 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாமல் மாதம் ஒரு தடவை சார்ஜ். இடம் கரையில் வேண்டாம். புயல் மாதங்களில் கடல் ஏறும். ஊருக்குள் மேடான இடத்தில், தரையில் அடித்த முளைகளில் நான்கு மூலையும் கட்டி வைக்க வேண்டும். காற்று புகும் கிடுகுக் கொட்டகை தகரக் கொட்டகையைவிட நல்லது. மூடும் படுதா காற்று விடுகிற துணியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே வேக வைக்கும். கிடுகு என்றால் எலியும் வரும். சைலன்சர் வாயில் ஸ்டீல் நாரைத் திணித்து, சிவப்புத் துணி கட்டி வெளியே தொங்கவிடுங்கள்.

தையில் எடுக்கும்போது முதலில் அந்தச் சிவப்புத் துணி. பிறகு ஒயர்களில் எலிப் பல் பட்டிருக்கிறதா பார்த்து, பேட்டரி மாட்டி, சீட்டைத் திறந்து வைத்து பெட்ரோல் வாடை வருகிறதா என்று ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஃபாகிங் ஆயிலால் முதலில் வெள்ளைப் புகை வரும். கழுவும் தண்ணீரோடு ஓடவிட்டால் சிறிது நேரத்தில் தெளியும். முதல் நாள் டிரெயின் பிளக்கைப் பூட்டி, கரையை ஒட்டிக் கால் மணி நேரம் மட்டும் ஓட்டிவிட்டு வண்டியை மேலே ஏற்றுங்கள். அடியில் எத்தனை தண்ணீர் வடிகிறது என்று பாருங்கள். ஒரு குவளைக்கு மேல் வந்தால் தண்டு சீலைப் பார்க்காமல் அடுத்த நாள் இறக்காதீர்கள்.